ஒரு நாற்காலிக்கு மூன்று பேர்

அத்தியாயம் 11

நெவில் கார்ஸ்டாங்குக்கு ஏழு வாத்தியங்கள் வாசிக்கத் தெரியும். ‘முடியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது.

இந்த வாரம் முழுக்க அவன் மனைவி மூரியல் அந்தக் கூத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை, “நாளைக்குச் சொல்லிடறேன்” என்றான். செவ்வாய்க்கிழமை, “டெஸ்மண்டுக்குத் தலைவலி, இப்ப போய் எப்படிச் சொல்றது?” என்றான். அதற்குப் பிறகு சாக்குகூடச் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் வயலினை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டான்.

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் லண்டன் சோஹோவில் கச்சேரி. அடுத்த வாரம் நெவில் வாசிக்கிற டெஸ்மண்டின் குழு அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறது. அதே வாரம் நெவில் தன் சொந்தப் பெயரில் முதல் இசைத்தட்டுக்கு வாசிக்க உட்கார வேண்டும். ரெக்கார்டு கம்பெனி ஆப்ரி பெக்வித் கறாராகச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. இரண்டும் ஒரே ஆளால் ஆகாது, நெவிலால்கூட ஆகாது.

இதில் சிக்கல் என்னவென்றால், டெஸ்மண்ட் மூரியலின் கூடப் பிறந்த தம்பி.

நெவில் வந்த பாதையைத் தெரிந்தவர்களுக்கு அவன் தயக்கம் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். பர்ன்லியில் பஞ்சாலைத் தெருவில் பிறந்தவன். ஜாஸ் கேட்க வேண்டும் என்பதற்காகவே நியூயார்க் போகும் பயணிகள் கப்பலில் நடன வாத்தியக்காரனாக ஏறினான். கப்பலில் வயதான தம்பதிகளுக்கு வால்ட்ஸ் வாசித்துவிட்டு, கரையில் இறங்கியதும் ஜாஸ் பேட்டையான ஹார்லத்துக்கு ஓடுவான். திரும்பி வரும்போதெல்லாம் ஒரு புது வாத்தியம் கையில் இருக்கும். சோஹோ கிளப்புகளில் அவனைத் தெரியாத ஜாஸ்காரன் கிடையாது. ப்ளூஸ் காலம் வந்தது. டெஸ்மண்ட் கிதாரை உரக்க வைத்தான், அக்கா புருஷனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். ஒரே வாயில் இரண்டு சாக்ஸபோனை வைத்து நெவில் ஊதும்போது கூட்டம் நாற்காலி மேல் ஏறி நிற்கும்.

இவ்வளவும் இருந்து என்ன? ஆறு வருஷமாக இசைத்தட்டு அட்டைகளில் டெஸ்மண்டின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். தாளம், பேஸ் வாசிப்பவர்களின் பெயர் அதற்குக் கீழே. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி. ‘மற்றவை எல்லாம்: நெவில் கார்ஸ்டாங்.’

அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் மூரியலுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலையில் சமையலறை மேஜையின் ஒரு பாதியில் தேநீர்க் கெண்டியும் கருகின டோஸ்டும் இருந்தன. மறு பாதி முழுக்க மூரியலின் தொழில்தான்: ஐந்து கோடு போட்ட தாள்கள், மைப்புட்டி, அகல முனைப் பேனா. ஒருவர் அமைத்த இசையை ஒவ்வொரு வாத்தியக்காரனுக்கும் அவனவன் பங்காகப் பிரித்து எழுதித் தருவது அவள் வேலை. மங்கின வெளிச்சத்திலும் படிக்க முடிகிற கையெழுத்து. லண்டனில் பாதி ஸ்டூடியோக்களில் அவள் தாளைப் பார்த்தால்தான் வாத்தியக்காரர்களுக்கு மூச்சு வரும்.

“யாருக்கு இவ்வளவு?” என்றான் நெவில், டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

“உன் நாற்காலிக்கு.”

“என் நாற்காலிக்கு எனக்கெதுக்குப் புதுத் தாளு?”

“உனக்கில்லே. பதிலாளுக்கு. மத்தியானம் ரிகர்சலுக்கு வராங்க.”

வெண்ணெய்க் கத்தி நின்றது. “வராங்களா? எத்தனை பேரு?”

“மூணு.”

“என் ஒருத்தனுக்கா?”

“ஏழு வாத்தியம் வாசிக்கறவன் இந்த ஊர்ல இன்னொருத்தன் இருந்தா சொல்லு, மூணு பேரையும் இப்பவே வேண்டாம்னுடறேன்.”

நெவில் கத்தியைக் கீழே வைத்தான். அவளைக் கோபிக்க முடியாது, ஏனென்றால் அவள் செய்தது முறைதான். இந்தத் தொழிலில் குழுவை விட்டு விலகுகிறவன் சும்மா விலகக்கூடாது. பதிலாளைத் தானே கூட்டிவந்து தலைவன் முன்னால் உட்காரவைக்க வேண்டும். தலைவன் கேட்டுவிட்டுத் தலையாட்டின பிறகு கைகுலுக்கிப் போகலாம். அப்படிப் போனால் மறுநாள் தெருவில் முகத்தைப் பார்க்கலாம். நாற்காலியைக் காலியாக விட்டுப் போனவனை வேறு எந்தக் குழுவும் தொடாது.

“நீ முன்னாடியே போயிடு,” என்றாள் மூரியல். “அவங்க வரதுக்குள்ள டெஸ்மண்ட்கிட்ட நீ உன் வாயால சொல்லிடணும். நான் சொன்னா அது குடும்பச் சண்டை. நீ சொன்னாதான் அது தொழில்.”

“சொல்லிடறேன்.”

“எப்படிச் சொல்லுவே?”

நெவில் யோசித்தான். “டெஸ்மண்ட், வந்து... பார்த்தியா...”

“சரி, டோஸ்டைச் சாப்பிடு.”

கென்டிஷ் டவுனில் ஒரு பப்பின் மாடி அறையில்தான் ரிகர்சல். மத்தியானம் பப்பை அடைத்து, சாயங்காலம் திறக்கும் வரை இடம் இவர்களுடையது. போன ஞாயிற்றுக்கிழமை கால்பந்தில் இங்கிலாந்து ஜெர்மனியிடம் தோற்றதிலிருந்து பப்காரர் யாரோடும் பேசுவதில்லை. மூரியல் மூன்று பேரோடு வந்தபோது கதவைத் திறந்துவிட்டு, மாடியைக் கைகாட்டிவிட்டுப் போனார்.

படி ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது.  உள்ளே நெவிலும் டெஸ்மண்டும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒலிபெருக்கிப் பெட்டியை நகர்த்திக்கொண்டு, ஏதோ பழைய கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நெவில் அவளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக் காலணியைப் பார்த்தான். சொல்லவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

டெஸ்மண்ட் நிமிர்ந்தான். தோள் வரை முடி, வெல்வெட் கோட்டு, விரலுக்கொரு மோதிரம். அக்காவுக்குப் பின்னால் வரிசையாக நின்றவர்களைப் பார்த்தான். முதலில் கத்பர்ட் டயல், பார்படோஸ்காரர். இந்த வெயிலிலும் கழுத்துப்பட்டை கட்டி, இரண்டு சாக்ஸபோன் பெட்டியும் ஒரு கிளாரினெட் பெட்டியும் தூக்கி வந்திருந்தார். அடுத்து ஃபிலிப்பா, இசைக் கல்லூரி முடித்த கையோடு வந்தவள், புல்லாங்குழலும் வயலினும். கடைசியில் ஐவர் என்ற பெயருள்ள வேல்ஸ்காரன். ஞாயிறு காலை தேவாலயத்தில் ஆர்கன், மற்ற நாளெல்லாம் எங்கு கிடைக்கிறதோ அங்கே. நெவிலுடைய வைப்ரஃபோனின் உலோகப் பட்டைகளை இப்போதே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னக்கா, ஊர்வலமா?” என்றான் டெஸ்மண்ட். “யாரு இவங்கல்லாம்?”

மூரியல் பதிலுக்கு நெவிலையே பார்த்தாள்.

 கீழே பப்காரர் பீப்பாய் உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நெவில் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“நான் அமெரிக்கா வரலை, டெஸ்மண்ட்,” என்றான்.

சொல்லிவிட்டான். மூரியலுக்குக் கண் கரித்தது. ஆறு வருஷத்தில் அவன் டெஸ்மண்டிடம் முற்றுப்புள்ளியோடு பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

“விளையாடறியா?”

“இல்லே. என் பேர்ல ஒரு தட்டு போடறாங்க. பெக்வித் கேட்டாரு. நான் சரின்னு சொல்லப்போறேன். இவங்க என் பதிலாளுங்க.”

“மூணு பேரா?” டெஸ்மண்ட் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. “நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?”

“குறைன்னு சொல்லலை...”

“அப்ப வாசிக்கட்டும்.” கிதாரை எடுத்து மாட்டிக்கொண்டான். “முறைன்னா முறை. கேட்டுட்டுச் சொல்றேன்.”

மூரியல் தாள்களை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள். டெஸ்மண்டுக்கும் தாளம், பேஸ் வாசிப்பவர்களுக்கும் தாள் தேவையில்லை. அவர்களுக்கு எழுத்தும் தெரியாது, எல்லாம் காதுதான். டெஸ்மண்ட் கால்தட்டி ஆரம்பித்தான். ஐவரின் ஆர்கன் அடியிலிருந்து எழும்பி வந்தது. மேலே ஃபிலிப்பாவின் புல்லாங்குழல் சேர்ந்துகொண்டது. நன்றாகவே இருந்தது. டெஸ்மண்டின் புருவம் ஏறினதை மூரியல் பார்த்தாள்.

அப்போது கத்பர்ட் டெனர் சாக்ஸபோனை ஊதினார்.

கேட்கச் சகிக்கவில்லை. எல்லோரும் ஒரு படியில் நிற்க, சாக்ஸபோன் மட்டும் ஒரு படி கீழே நின்று அடம்பிடித்தது. ஃபிலிப்பா முகத்தைச் சுளித்தாள். ஐவர் விசையிலிருந்து கையை எடுத்தான். கத்பர்ட் மட்டும் தாளின் கடைசி வரை மரியாதையாக வாசித்து முடித்து, வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“எழுதியிருக்கறதைத்தான் வாசிச்சேன், மிஸஸ் கார்ஸ்டாங்,” என்றார்.

மூரியல் தாளை எடுத்துப் பார்த்தாள். காது வரை சூடேறியது. சாக்ஸபோனுக்கு எழுதும் கணக்கே வேறு. டெனரில் எழுதினதைவிட ஒரு படி கீழேதான் சத்தம் வரும், அதனால் அதற்கு ஒரு படி ஏற்றி எழுத வேண்டும், ஆல்டோவுக்கு அதுவும் வேறு. தொழிலில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது அது. ஆனால் நெவில் ஒரே பாட்டில் புல்லாங்குழலை வைத்து டெனரை எடுப்பான், டெனரை வைத்து ஆல்டோவை எடுப்பான். “எல்லாத்தையும் உள்ளபடியே எழுதிடு, மாத்தறதை நான் தலைக்குள்ள மாத்திக்கறேன்” என்று கல்யாணமான புதிதில் சொன்னவன். அன்றிலிருந்து அப்படியே எழுதிப் பழகிய கை, நேற்றும் அப்படியே எழுதிவிட்டது. மற்றவர்களுக்கு எழுதும்போது தூக்கத்தில்கூடத் தவறாதவள், புருஷனின் நாற்காலி என்றதும் புருஷனுக்கே எழுதியிருக்கிறாள்.

“தப்பு என்னோடது,” என்றாள் உரக்க. “நெவிலுக்கு எழுதற மாதிரி எழுதிட்டேன்.”

டெஸ்மண்டின் முகம் மலர்ந்தது. “பார்த்தியா? அவன் தாளை வேற யாராலயும் படிக்கவே முடியாது. இதுக்கு மேல என்ன பேச்சு?”

நெவில் அதற்குள் எழுந்துவிட்டான். கை தானாகவே தன் டெனரை நோக்கிப் போனது. “இன்னிக்கு ஒரு நாள் நானே வாசிச்சுடறேன் மூரியல். கூட்டத்தை ஏமாத்த முடியாது. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

“கையை எடு.”

“ஒரு நாள்தானே...”

“இன்னிக்கு எடுத்தேன்னா அமெரிக்காவிலதான் கீழ வைப்பே.”

நெவில் கையை எடுத்தான். மூரியல் ஜன்னலோரம் இருந்த மேஜையைத் துடைத்து, மைப்புட்டியைத் திறந்தாள்.

“டெஸ்மண்ட், பப் திறக்கறதுக்குள்ள கத்பர்ட்டுக்கு எல்லாப் பாட்டும் மாத்தி எழுதித் தரேன். இன்னொரு தடவை கேளு. அப்பவும் சரியில்லேன்னா, இவனை நானே கூட்டிட்டுப் போய் உன் விமானத்தில ஏத்தி விடறேன்.”

நெவிலின் முகம் வெளுத்தது. தன் வாழ்க்கையை மனைவி பணயம் வைக்கிறாள், அதுவும் தன்னைக் கேட்காமல். ஆனால் அவள் பேனாவைத் தொட்டு முதல் கோட்டில் வைத்ததும் அவனுக்கு என்னவோ பயம் போய்விட்டது. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எழுதின தாளை ஒவ்வொன்றாக வாங்கி ஜன்னல் வெயிலில் காய வைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து டெஸ்மண்ட் வந்து எதிரில் உட்கார்ந்தான். நெவிலைப் பார்க்காமல் அக்காவிடம் பேசினான்.

“என் குழுவை நீயே உடைக்கறே.”

“எழுதும்போது மேஜையை ஆட்டாதே.”

“யாருக்கும் தெரியாம கிளப்புல வாசிச்சிட்டிருந்தவனை நான்தானே பெரிய மேடைக்குக் கூட்டி வந்தேன்?”

“கூட்டி வந்தே. கூட்டி வந்து அட்டையில என்ன போட்டே?”

டெஸ்மண்ட் முழித்தான். “மற்றவை எல்லாம்னு. அது பெருமைக்குப் போட்டதுக்கா. எல்லாமே அவன்தான்னு அர்த்தம்.”

“படிக்கறவனுக்கு அப்படித் தெரியலைடா. மிஞ்சினதையெல்லாம் ஒரே சட்டியில கொட்டின மாதிரி தெரியுது.”

டெஸ்மண்ட் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு முதல் தடவையாக நெவில் பக்கம் திரும்பினான். “நீயும் அப்படித்தான் நினைச்சியா?”

நெவில் ஈரத்தாளை ஊதிக்கொண்டிருந்தான். “ஆமா,” என்றான்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“எனக்கு எப்ப வாய் இருந்தது?”

டெஸ்மண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கோபக்காரன்தான், கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் மூரியலுக்குப் பேனா இன்னும் வேகமாக ஓடியது.

கத்பர்ட் புதுத் தாள்களை வாங்கிப் புரட்டினார். “இந்தத் தொழில்ல முப்பது வருஷமா இருக்கேன். தப்பா எழுதினதைக்கூட இவ்வளவு அழகா எழுதினவங்களைப் பார்த்ததில்லே,” என்றார். டெனரை எடுத்தார்.

இந்தத் தடவை சாக்ஸபோன் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தது. ஆர்கன் தாங்கிப் பிடிக்க, புல்லாங்குழல் மேலே ஓட, நடுவில் கத்பர்ட் நிதானமாகக் கதை சொன்னார். டெஸ்மண்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒலிபெருக்கியைத் திருகிக் கூட்டிவைத்தான். அவனைத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

கச்சேரி ஆரம்பிக்கும்போது சோஹோ தெருவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. கிளப்புக்குள் இருட்டும் புகையும் கூட்டமுமாக இருந்தது. நெவிலும் மூரியலும் பின்னால் மதுக் கவுண்டர் ஓரமாக நின்றார்கள். நெவில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு முறை பையில் விட்டான், ஒரு முறை கட்டிக்கொண்டான். கடைசியில் மூரியல் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தக் குழுவை முன்னாலேர்ந்து நான் கேட்டதே இல்லே,” என்றான்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.” மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நான் இல்லாமயே நல்லா இருக்கு.”

வலிக்கத்தான் செய்தது. அவன் அதை மறைக்கவில்லை, அவளும் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு நாற்காலியில் ஆறு வருஷம் உட்கார்ந்தவனுக்கு எழுந்ததும் கால் மரத்துப்போவது இயற்கைதான்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் யாரோ கத்தினார்கள். “ரெண்டு சாக்ஸ்காரன் எங்கே?” இன்னும் நாலைந்து குரல்கள் சேர்ந்தன. நெவிலின் கை மூரியலின் கைக்குள் இறுகியது. டெஸ்மண்ட் கூப்பிட்டால் அவன் போய்விடுவான். அது மூரியலுக்குத் தெரியும். டெஸ்மண்டுக்கும் தெரியும்.

டெஸ்மண்ட் மைக்கைப் பிடித்தான்.

“பின்னால திரும்பிப் பாருங்க. அந்த ஓரத்தில ஒரு உயரமான ஆளு வெறுங்கையோட நிக்கறான். ஆறு வருஷமா அட்டையில ‘மற்றவை எல்லாம்’னு போட்டு அவனை ஒளிச்சு வெச்சிருந்தேன். அவன் பேரு நெவில் கார்ஸ்டாங். அவன் பேர்ல தட்டு வரப்போகுது. வாங்குங்க. என்னுதை வாங்கினப்புறம் வாங்குங்க.”

மொத்தக் கூட்டமும் திரும்பியது. யாரோ கைதட்ட ஆரம்பிக்க, அது அறை முழுக்கப் பரவியது. நெவில் ஒன்றும் வாசிக்காமல் வாங்கிய முதல் கைதட்டல். அவன் குனிந்து வணங்கவும் தெரியாமல், ஓடவும் தெரியாமல், சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றான். மூரியல் அழுதாள். மேஜையை ஆட்டினதற்கு டெஸ்மண்டைத் திட்டினோமே என்று தம்பி மேல் ஒரு பாசம் பொங்கியது.

அந்தப் பாசம் இடைவேளை வரைதான் நின்றது.

டெஸ்மண்ட் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நேரே அவளிடம் வந்தான். “அக்கா, ஒரு விஷயம். நெவில் இருந்த வரைக்கும் எனக்குத் தாளைப் பத்திக் கவலையே இல்லே. இவங்க மூணு பேரும் தாள் பார்த்து வாசிக்கறவங்க. அங்கே போனா தினம் ஒரு ஊரு, தினம் ஒரு புதுப் பாட்டு. யாராவது கூடவே இருந்து எழுதணும்.”

“ஆளு தேடித் தரேன்.”

“தேட வேண்டாம். நெவிலை நீ எடுத்துக்கிட்டே. பதிலுக்கு நீ வா.”

நெவில் நடுவில் புகுந்தான். இன்று அவனுக்கு வாய் முளைத்துவிட்டது. “அதெப்படி? என் தட்டுக்கு அவதான் எழுதணும். பன்னெண்டு பேரு வாசிக்கறாங்க.”

“நீ கேட்டியா அவளை?”

“கேக்கறதுக்கென்ன இருக்கு? அவ என் பெண்டாட்டி.”

“நான் கேக்கறேன்,” என்றான் டெஸ்மண்ட். “அக்கா, அடுத்த தட்டு அட்டையில உன் பேரும் வரும். தனி வரி. இப்பவே சொல்றேன்.”

மூரியலுக்கு இன்றுவரை எந்த அட்டையிலும் பெயர் வந்ததில்லை. ‘மற்றவை எல்லாம்’ என்ற வரியில்கூட அவள் இல்லை. இத்தனை நாள் அந்தப் பொடி எழுத்தைப் பார்த்து நெவிலுக்காக வயிறெரிந்தவளுக்கு, இது மட்டும் ஏன் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

விரலில் காய்ந்திருந்த மையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“நெவில், உன் தட்டோட அட்டைக்கு என்னென்ன எழுதணும்னு பெக்வித்துக்குக் குடுக்கக் குறிச்சு வெச்சிருக்கியா?”

“குறிச்சு வெச்சிருக்கேன். எல்லார் பேரும் இருக்கு. டிரம்ஸ், பேஸ், டிரம்பெட்...” ஒவ்வொன்றாக விரல் மடக்கிக்கொண்டு வந்தவன், பாதியில் நின்றான்.

மேடையிலிருந்து தாளக்காரன் டெஸ்மண்டைக் கூப்பிட்டான். டெஸ்மண்ட் போகவில்லை. இரண்டு ஆண்களும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூரியல் அவசரப்படவில்லை.